வாடகை வீட்டு மேசையில் மார்க்கர் கறையா? தேய்க்கும் முன் இதைப் படியுங்கள்

சிங்கப்பூருக்கு வந்த முதல் வாரமே அது நடந்தது. அட்டைப்பெட்டிகளின் மேல் ‘பாத்திரம்’, ‘துணி’, ‘சாமி படம்’ என்று எழுத வாங்கிய கறுப்பு மார்க்கர், மூடி கழன்று சாப்பாட்டு மேசையில் கிடந்திருக்கிறது. நான்கு வயது மகள் அதை எடுத்து மேசைப்பலகையில் ஒரு யானை வரைந்துவிட்டாள். நல்ல யானைதான். தும்பிக்கை, தந்தம், வால் எதிலும் குறையில்லை. ஆனால் மேசை வீட்டுக்காரருடையது.

பதற்றத்தில் கைக்கு அகப்பட்டது நகச்சாயம் நீக்கும் திரவம். பஞ்சில் நனைத்து அழுத்தித் தேய்த்தேன். யானை அரை நிமிடத்தில் போய்விட்டது. அது நின்ற இடத்தில் மேசையின் பளபளப்பும் கரைந்து, இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய திட்டு ஒன்று வந்து உட்கார்ந்துகொண்டது. இரண்டு ஆண்டு கழித்து வீட்டைக் காலி செய்தபோது முன்பணத்தில் 200 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) குறைந்தது. யானை இருந்த சுவடே யாருக்கும் தெரியவில்லை, அவ்வளவும் அந்தத் திட்டுக்குத்தான்.

அப்புறம் வீடு இரண்டு முறை மாறினோம். மகன் பிறந்தான், அவனுக்கும் அக்காவின் கை. அலமாரி, சோபா, குளிர்பதனப் பெட்டி என்று எல்லாவற்றிலும் துடைத்துப் பார்த்தாகிவிட்டது. மையை எடுப்பது சின்ன வேலை, அடியில் இருக்கும் பூச்சைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை என்று புரிய எனக்கு இத்தனை காலம் ஆனது. புதிதாகக் குடிவந்திருப்பவர்கள் அந்த 200 வெள்ளியை மிச்சப்படுத்தட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

முதலில் மையைப் பாருங்கள்

ஈரத்துணி, ஸ்பிரிட் எதையும் எடுக்காதீர்கள். விரல் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கறையின் ஓரத்தில் லேசாகத் தடவிப் பாருங்கள். விரலில் நிறம் ஒட்டினால் பாதி பிரச்சினை தீர்ந்தது. அது பிள்ளைகளுக்கென்றே செய்யப்படும், தண்ணீரில் கழுவக்கூடிய மை. பாத்திரம் கழுவும் திரவம் இரண்டு சொட்டு, வெதுவெதுப்பான தண்ணீர், மென்மையான துணி போதும். இந்தக் கட்டுரையின் மிச்சத்தைப் படிக்கத் தேவையில்லை.

விரலில் ஒன்றும் ஒட்டவில்லையா? அப்படியானால் பெர்மனென்ட் மார்க்கர். இதன் மையில் மூன்று சரக்கு உண்டு: நிறம், அந்த நிறத்தைப் பரப்போடு ஒட்டவைக்கும் பிசின், இரண்டையும் கரைத்து வைத்திருக்கும் ஆல்கஹால் வகைத் திரவம். எழுதியதும் திரவம் ஆவியாகிவிடும். மூடியைத் திறந்ததும் மூக்கில் ஏறுகிற வாசனை அதுதான். பிறகு பிசினும் நிறமும் இறுகிப்போய்த் தங்கிவிடும். இந்தப் பிசினைத் தண்ணீர் கரைக்காது. சோப்பும் கரைக்காது. எந்தத் திரவத்தில் அது கரைந்திருந்ததோ அதே வகைத் திரவத்தைத் திரும்பக் கொடுத்தால் மறுபடி இளகும். ஸ்பிரிட் வேலை செய்வதன் ரகசியம் இவ்வளவுதான், மந்திரம் ஒன்றுமில்லை.

வொயிட்போர்டு மார்க்கர் கொஞ்சம் வேறு. பரப்பை இறுகப் பிடிக்கவிடாத எண்ணெய் போன்ற ஒரு பொருள் அதில் கலந்திருப்பதால், வழவழப்பான இடத்தில் காய்ந்த துணியாலேயே வந்துவிடும். துணியிலோ பூச்சில்லாத மரத்திலோ பட்டால் மட்டும் அதுவும் தகராறு செய்யும். பெயின்ட் மார்க்கர் என்று ஒன்று இருக்கிறது, குலுக்கினால் உள்ளே குண்டு உருளும் சத்தம் கேட்கும். அது மை என்பதைவிட வண்ணப்பூச்சு என்பதே சரி. அந்தக் கறை மரத்திலோ துணியிலோ என்றால் சொந்த வைத்தியம் வேண்டாம்.

என்ன வாங்கலாம், எதைத் தொடவே கூடாது

ஊசி போடுமுன் தாதி கையில் தேய்ப்பாரே, அந்த ஸ்பிரிட்தான் முதல் ஆயுதம். இங்குள்ள கார்டியன், வாட்சன்ஸ் போன்ற மருந்துக்கடைகளில் ‘ஐசோபுரோபைல் ஆல்கஹால்’ அல்லது ‘ரப்பிங் ஆல்கஹால்’ என்று கேளுங்கள், வெறும் ஸ்பிரிட் என்றால் விழிப்பார்கள். 70 விழுக்காடு கலவையே வீட்டுக்குப் போதும். அதே கடைகளில் ஸ்பிரிட் ஊறிய சின்னச்சின்ன பஞ்சுத்துண்டுகள் தனித்தனி உறையில், பெட்டியாகக் கிடைக்கும். நான் இப்போது அதைத்தான் வைத்திருக்கிறேன். பாட்டிலைக் கவிழ்த்துக் கொட்டிக்கொள்ளும் ஆபத்து இல்லை, ஒரு நேரத்தில் ஒரு சிறு இடத்தை மட்டும் துடைக்கலாம்.

கைகழுவும் ஜெல்லும் உதவும். ஆல்கஹால் 60, 70 விழுக்காடு இருக்கும் வகையாக இருக்கவேண்டும். ஜெல் என்பதால் ஓடாமல் நின்ற இடத்திலேயே நிற்கும், அலமாரிக் கதவு மாதிரி செங்குத்தான இடங்களுக்கு ஸ்பிரிட்டைவிட இதுவே வசதி. ஆனால் ஆல்கஹால் சேராத ஜெல்லும் விற்கிறார்கள், லேபிளைப் பாருங்கள். அதை வைத்து எவ்வளவு தேய்த்தாலும் கைதான் சுத்தமாகும்.

வெள்ளை நிற ‘மேஜிக் ஸ்பாஞ்ச்’ எல்லாப் பேரங்காடியிலும் கிடைக்கும். அது கரைக்காது, சுரண்டும். பஞ்சு போல இருந்தாலும் உண்மையில் மிக நுண்ணிய உப்புத்தாள். மங்கலான பரப்பில் பரவாயில்லை. பளபளக்கும் பரப்பில் தேய்த்தால் அந்த இடம் மட்டும் மங்கி, வெளிச்சத்தில் தனியாகத் தெரியும். ஜெல் அல்லாத சாதாரண வெள்ளைப் பற்பசையும் இதே குணம்தான், வேகம் குறைவு.

கோடாலித் தைலம் இல்லாத வீடு சிங்கப்பூரில் அபூர்வம். பக்கத்து வீட்டு மக்சிக் (மலாய் மொழியில் ‘அத்தை’) எதற்கெடுத்தாலும் அதைத்தான் கொண்டுவருவார். அதில் யூகலிப்டஸ் எண்ணெய் இருப்பதால் ஸ்டிக்கர் பிசினை அழகாக இளக்கும், மார்க்கரின் கடைசி நிழலையும் சில சமயம் எடுத்துவிடும். பிளாஸ்டிக்கில் மட்டும் வேண்டாம், சில வகைப் பிளாஸ்டிக் இளகிவிடும். வீடு முழுக்கத் தலைவலிக்காரர் வீடு மாதிரி மணக்கும், அது வேறு விஷயம்.

நகச்சாய நீக்கியை நான் கண்ணாடிக்கும் பீங்கானுக்கும் மட்டுமே அனுமதிப்பேன். அதிலுள்ள அசிட்டோன் மரத்தின் மேல்பூச்சைக் கரைக்கும், பல பிளாஸ்டிக்குகளை உருக்கிவிடும். ‘அசிட்டோன் இல்லை’ என்று போட்ட பாட்டிலை நம்பி ஏமாறவேண்டாம். அவற்றில் பெரும்பாலும் வேறொரு கரைப்பான் இருக்கும், மரப்பூச்சுக்கு அதுவும் எமன்தான்.

வெளுக்கும் திரவத்தை, அதாவது கிளோராக்ஸ் வகையை, இந்த வேலைக்கு எடுக்கவே எடுக்காதீர்கள். மார்க்கர் பிசினை அது கரைக்காது. அதைவிட முக்கியம், ஸ்பிரிட்டோடு கலந்தால் நச்சுப்பொருள்கள் உண்டாகும். ஒன்று போகவில்லை என்று அதன் மேலேயே இன்னொன்றை ஊற்றும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு, எனக்கும் இருந்தது.

துடைக்கும் முறை

ஜன்னலைத் திறந்து விசிறியைப் போடுங்கள். ஸ்பிரிட் எளிதில் தீப்பற்றும். அடுப்பு எரியக்கூடாது, பூசை அலமாரியில் விளக்கு ஏற்றியிருந்தால் அது அணையும்வரை பொறுங்கள். ஓவியரை வேறு அறைக்கு அனுப்பிவிடுங்கள்.

அடுத்தது சோதனை. இதைத் தவிர்த்துவிட்டுத்தான் நான் பணத்தைத் தொலைத்தேன். மேசையின் அடிப்பக்க ஓரம், அலமாரிக் கதவின் உட்புறம், சோபாவின் பின்பக்கக் கீழ்மூலை என்று கண்ணில் படாத இடமாகப் பார்த்து, ஸ்பிரிட் நனைத்த காது குடையும் பஞ்சுக்குச்சியால் பத்து விநாடி தடவுங்கள். பஞ்சில் பொருளின் நிறம் ஏறுகிறதா, தொட்டால் பிசுபிசுக்கிறதா, காய்ந்ததும் வெளுக்கிறதா என்று பாருங்கள். ஐந்து நிமிடம் கழித்து இன்னொரு முறை பாருங்கள், சில பூச்சு மெதுவாகத்தான் காட்டிக்கொடுக்கும். மூன்றில் எது நடந்தாலும் ஸ்பிரிட்டை மூடிவைத்துவிடுங்கள்.

சோதனையில் ஒன்றும் ஆகவில்லை என்றால் தொடங்கலாம். ஸ்பிரிட்டைக் கறையின் மேல் ஊற்றாதீர்கள், பஞ்சில் எடுங்கள். கறையின் வெளி ஓரத்திலிருந்து நடுப்பக்கமாக வாருங்கள். நடுவிலிருந்து வெளியே தேய்த்தால் கோடாக இருந்தது மேகமாகிவிடும். பஞ்சில் கறுப்பு ஏறியதும் தூக்கிப்போட்டுவிட்டுப் புதுசு எடுங்கள். பஞ்சில் கஞ்சத்தனம் பார்த்தால், எடுத்த மையையே திரும்பப் பூசிக்கொண்டிருப்பீர்கள். பெரிய கறை என்றால் விரலகல விரலகலமாகச் செய்யுங்கள். ஒவ்வொரு பகுதி முடிந்ததும் ஈரத்துணியால் ஒரு துடைப்பு, உடனே காய்ந்த துணியால் இன்னொன்று.

பலகை, மரம்

இங்குள்ள வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் சுவரோடு சேர்த்துச் செய்த அலமாரி, சமையலறை அலமாரி எல்லாம் பெரும்பாலும் லேமினேட். நம் ஊர்த் தச்சர்கள் சன்மைக்கா என்பார்களே, அதேதான். இது உங்கள் அதிர்ஷ்டம். மேல்தோல் இறுகிய பிசின் என்பதால் மை உள்ளே இறங்காது, ஸ்பிரிட்டும் அதை ஒன்றும் செய்யாது. ஸ்பிரிட் கைவசம் இல்லையென்றால் வொயிட்போர்டு மார்க்கரால் பழைய கோட்டின் மேலேயே அடர்த்தியாக எழுதி, காய்வதற்குள் துடைத்துவிடுங்கள். புதிய மையிலுள்ள திரவம் பழைய பிசினைக் கரைக்க, இரண்டும் சேர்ந்து வந்துவிடும். கண்ணாடியிலும் சுவர் ஓட்டிலும்கூட இந்தக் குறுக்குவழி பலிக்கும். லேமினேட்டில் கவனிக்கவேண்டியது ஓரங்களைத்தான். உள்ளே இருப்பது மரத்தூள் அழுத்திய பலகை, விளிம்பு வழியாக ஈரம் புகுந்தால் ஊதிவிடும். பிழிந்த துணிதான், சொட்டும் துணி கூடாது.

கண்ணாடி போல மின்னும் அக்ரிலிக் கதவுகளை லேமினேட் என்று நினைத்துவிடாதீர்கள். ஸ்பிரிட் பட்டால் அக்ரிலிக்கில் மயிரிழை போன்ற விரிசல் விழலாம். அங்கே சோப்புத் தண்ணீரோடு நின்றுகொள்ளுங்கள், போகாவிட்டால் வீட்டு வாடகை முகவரிடம் கேளுங்கள்.

மலிவான, நாமே பூட்டிக்கொள்ளும் வகை மேசை, புத்தக அலமாரிகளில் சிலவற்றுக்கு மேலே ஒட்டியிருப்பது மர வடிவம் அச்சிட்ட தாள்தான், அதன்மேல் மெல்லிய பூச்சு. இரண்டு தடவை மெதுவாகத் துடைக்கலாம். மூன்றாம் தடவை அழுத்தினால் மையோடு மர வரியும் போய்விடும். நூறு வெள்ளிக்குக் குறைந்த மேசையில் மங்கலாக ஒரு நிழல் மிஞ்சினால், மேல்விரிப்பு போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்பது என் கட்சி.

உண்மையான மரம் என்றால் கதை முழுக்க மேல்பூச்சில் இருக்கிறது. பாலியூரிதேன் பூசிய ரப்பர் மர மேசை ஸ்பிரிட்டைச் சற்று நேரம் தாங்கும். லேக்கர் பூசியது சட்டென்று மங்கலாம். பழைய தேக்குச் சாமான்களில் அரக்குப் பூச்சு இருந்தால் ஸ்பிரிட்டிலேயே கரைந்துவிடும், ஏனென்றால் அரக்கைக் கரைத்துப் பூசுவதே ஸ்பிரிட்டில்தான். பெயர் தெரியாவிட்டாலும் கவலையில்லை, ஸ்பிரிட்டைத் தாங்குமா தாங்காதா என்று மேலே சொன்ன பத்து விநாடிச் சோதனை காட்டிவிடும். சோதனையில் தோற்ற மரத்துக்குப் பட்டாணி அளவு வெள்ளைப் பற்பசையை ஈரத்துணியில் எடுத்து, மர வரியின் போக்கிலேயே, குறுக்கே போகாமல், பொறுமையாகத் தேயுங்கள். இருபது முறை தேய்த்துவிட்டு நிறுத்திப் பாருங்கள். லேசாக மங்கியிருந்தால் மரச்சாமான் மெழுகு கொஞ்சம் பூசி, துணியால் மெருகேற்றினால் சமாளித்துவிடலாம். என் மேசைபோல் பூச்சே கரைந்துபோனால் மெழுகு பயன்படாது, அந்த இடத்தைச் சுரண்டி மறுபடி பூசத்தான் வேண்டும்.

பூச்சே இல்லாத மரம், உதாரணமாகச் சில ஸ்டூல்களும் வெட்டுப்பலகைகளும், மையைத் தண்ணீர் மாதிரி குடித்துவிடும். ஸ்பிரிட் ஊற்றினால் இன்னும் ஆழமாக இறங்கும். காயவிட்டு, 120 எண் உப்புத்தாளால் தேய்த்து, 240 எண்ணால் வழவழப்பாக்குங்கள். வீட்டுக்காரரின் பாட்டி காலத்துப் பெரானாக்கன் (சீன, மலாய் மரபுகள் கலந்த சமூகம்) நாற்காலியாக இருந்தால் எதுவும் செய்யாதீர்கள். உண்மையைச் சொல்லிவிடுங்கள், அதுவே மலிவு.

சோபா

துணி சோபாவில் முதலில் தேடவேண்டியது மெத்தையின் அடியில் தைத்திருக்கும் சீட்டு. அதில் ஆங்கில எழுத்துக் குறியீடு இருக்கலாம். ‘டபிள்யூ’ என்றால் தண்ணீர் சேர்ந்த சோப்பு வகை மட்டும். ‘எஸ்’ என்றால் தண்ணீர் ஆகாது, கரைப்பான் மட்டும். ‘டபிள்யூஎஸ்’ இரண்டையும் தாங்கும். ‘எக்ஸ்’ என்றால் தூசு உறிஞ்சுவதைத் தவிர ஒன்றும் செய்யக்கூடாது, ஆள் வைத்துத்தான் பார்க்கவேண்டும்.

துணியில் தேய்ப்பது என்ற சொல்லையே மறந்துவிடுங்கள், ஒற்றுவது மட்டும். உறையைக் கழற்ற முடிந்தால் கழற்றி, கறையின் அடியில் மடித்த டிஷ்யூவை வைத்து, குறியீடு கரைப்பானுக்கு இடம்கொடுத்தால் மேலிருந்து ஸ்பிரிட் பஞ்சால் ஒற்றுங்கள். மை கீழே இறங்கி டிஷ்யூவில் பிடிக்கும். டிஷ்யூவை மாற்றிக்கொண்டே இருங்கள், பத்துப் பதினைந்து மாற்றவேண்டியிருக்கும். பிறகு, குறியீடு அனுமதித்தால், சோப்புத் தண்ணீரில் ஒற்றியெடுத்து வெறும் தண்ணீரில் முடியுங்கள். கறை முழுக்கப் போகும்வரை இஸ்திரிப் பெட்டியோ துணி உலர்த்தும் இயந்திரமோ பக்கத்தில் வரக்கூடாது, சூடு பட்டால் மிச்ச மை ஊன்றிவிடும்.

கழற்ற முடியாத சோபா என்றால் ஈரத்தைக் குறைவாகப் பயன்படுத்துங்கள். இங்கே காற்றின் ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். உள்ளே ஸ்பாஞ்ச் நனைந்தால் காய நாளாகும், மார்க்கர் கறை போய்ப் பூஞ்சைக் கறை வந்து சேரும். முடித்ததும் மின்விசிறியை நேராக அதன்மேல் திருப்பி, இரவு முழுக்க ஓடவிடுங்கள்.

தோல் மாதிரித் தெரியும் செயற்கைத் தோல்தான் எனக்கு மிகவும் பயம் தருவது. பிவிசி வகையில் மை நேரம் ஆக ஆக உள்ளே ஊறிவிடும், பார்த்த உடனே செய்தால்தான் உண்டு. பாலியூரிதேன் வகையிலோ ஸ்பிரிட்டை அதிகம் காட்டினால் மேல்நிறம் உரிந்துவிடும். இந்த ஊர் ஈரப்பதத்தில் அது சில வருடத்தில் தானாகவே உரியத் தொடங்கும். ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கும் சோபா என்றால், தொடுமுன் அதைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் உரிந்ததெல்லாம் உங்கள் கணக்கில் ஏறும். முதலில் சோப்புத் தண்ணீர், பிறகு ஒரே ஒரு ஸ்பிரிட் பஞ்சு, இரண்டு மூன்று விநாடி ஒற்றி உடனே ஈரத்துணி. மங்கியதோடு திருப்திப்படுங்கள். அசல் தோல் சோபாவுக்கு அதற்கென்றே விற்கும் தோல் துடைப்பானைத் தவிர வேறெதுவும் வேண்டாம்.

மற்றவை

கண்ணாடி, பீங்கான், எஃகு எல்லாம் ஸ்பிரிட்டில் ஒரே துடைப்பு. குளிர்பதனப் பெட்டியின் எஃகுக் கதவில் கோடுகள் ஓடும் திசையிலேயே துடையுங்கள். தொலைக்காட்சித் திரையில் ஸ்பிரிட் வேண்டாம், மேல்பூச்சு கெடலாம். மின்சாரத்தை நிறுத்திவிட்டு, லேசாக ஈரமான கண்ணாடி துடைக்கும் துணியால் முயலுங்கள். கோப்பிக்கடை மாதிரியான பிளாஸ்டிக் நாற்காலியை ஸ்பிரிட் கெடுக்காது. மிஞ்சும் சாயம் வெயிலில் மெல்ல வெளுக்கும், சில நாள் ஜன்னலோரம் போட்டுவையுங்கள்.

போகவே இல்லையென்றால்

வாடகை ஒப்பந்தத்தில் ‘இயல்பான தேய்மானம்’ என்று ஒரு வரி இருக்கும். பொதுவாக மார்க்கர் கறையை அதில் சேர்க்கமாட்டார்கள். ஆகவே குடிவரும் அன்றே ஒவ்வொரு சாமானையும் கிட்டத்தில் படம் எடுத்து, முகவருக்கு அனுப்பிவையுங்கள். உங்களுக்கு முன் இருந்தவர் பிள்ளையின் ஓவியத்துக்கு நீங்கள் காசு கொடுக்கவேண்டியிருக்காது.

உங்கள் பிள்ளையின் ஓவியம் என்றால், சாவியைக் கொடுக்கும் நாள்வரை மறைத்து வைக்காமல் ஒரு மாதம் முன்பே சொல்லுங்கள். மரச்சாமான்களின் கீறல், திட்டு மட்டும் சரிசெய்து தருபவர்கள் இங்கே இருக்கிறார்கள், வீட்டுக்கே வருவார்கள். இரண்டு பேரிடம் விலை கேட்டு, அந்தத் தொகையோடு வீட்டுக்காரரிடம் பேசினால் பேச்சு அந்தத் தொகையைச் சுற்றியே நடக்கும். கடைசியாக இருந்த வீட்டில் மகன் கட்டில் தலைப்பலகையில் போட்ட பச்சைக் கோட்டை அப்படித்தான் தீர்த்தேன். வந்து பார்த்த வீட்டுக்கார அம்மா கோட்டைத் தடவிப் பார்த்துவிட்டு, “என் பேரனும் இப்படித்தான், விடுங்கள்” என்றார். படம் எடுத்து வைத்திருந்த கைத்தொலைபேசியை மெதுவாகப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.